செம்பஹ்யாங், தோஆ, இபாதாத்: மலாய், இந்தோனேசிய மொழிகளின் வழிபாட்டுச் சொற்களைப் பழகுவது எப்படி

கோலாலம்பூருக்கோ ஜகார்த்தாவுக்கோ வேலை, படிப்பு என்று வருகிற தமிழர்கள் முதலில் எண்களைக் கற்றுக்கொள்கிறார்கள். அப்புறம் சாப்பாட்டுப் பெயர்கள், வழி கேட்கும் வாக்கியங்கள். வழிபாட்டுச் சொற்களை யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லித் தருவதில்லை. ஆனால் வந்த முதல் வாரத்திலேயே அவை காதில் விழுந்துவிடும். "லெபாஸ் மக்ரிப் வாங்க" என்பார் வீட்டுக்காரர். பக்கத்து மேசைக்காரர் "செம்பஹ்யாங்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு எழுந்து போவார். அலுவலகக் கூட்டம் தொடங்கும்போது எல்லோரும் தலையைக் குனிவார்கள். என்ன நடக்கிறது என்று தெரியாமல் நிற்பது சங்கடம்.

இந்தச் சொற்களை அகராதிப் பொருளோடு மட்டும் மனப்பாடம் செய்தால் பாதிதான் பயன். ஒரே சொல்லை முஸ்லிம் ஒரு பொருளில் சொல்வார், பாலித்தீவு இந்து வேறு பொருளில் சொல்வார், சீனக் குடும்பத்தார் இன்னொரு பொருளில் சொல்வார். யார் சொல்கிறார்கள், எந்த நாட்டில், எந்த இடத்தில் என்பதோடு சேர்த்துப் பழகினால் சொல் மனதில் நிற்கும், தவறாகவும் வராது. அந்த வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

முதலில் மூன்றே சொற்கள்

செம்பஹ்யாங், தோஆ, இபாதாத். இந்த மூன்றும் தெளிவானால் மற்றவை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

உச்சரிப்பைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 'செம்பஹ்யாங்' என்பதில் முதல் 'செ' அழுத்தமில்லாமல், வாயைப் பெரிதாகத் திறக்காமல் வரும். நடுவில் வரும் 'ஹ்' மெல்லிய மூச்சு. கிராமத்து மலாய்க்காரர்கள் அதையும் விட்டுவிட்டு 'செமாயாங்' என்றே சொல்வார்கள். 'தோஆ'வின் 'தோ' நாம் பேச்சில் தோசை என்று சொல்லும்போது வருகிற அதே ஒலி.

செம்பஹ்யாங் என்பது 'செம்பாஹ்', 'ஹ்யாங்' என்ற இரண்டு பழைய சொற்கள் சேர்ந்தது. செம்பாஹ் என்றால் வணங்குதல். மலாய் அரசவையில் சுல்தான் முன்னால் இரு கைகளையும் கூப்பி நெற்றிக்கு உயர்த்துகிறார்களே, அதற்கும் செம்பாஹ் என்றுதான் பெயர். ஹ்யாங் என்றால் தெய்வம், தெய்வத்தன்மை கொண்டவர். சுமாத்ராவில் பாலெம்பாங் அருகே கிடைத்த 7-ஆம் நூற்றாண்டின் கெடுக்கான் புக்கிட் கல்வெட்டில் 'டபுந்தா ஹ்யாங்' என்று ஒரு தலைவர் குறிப்பிடப்படுகிறார். ஜாவாவின் டியெங் பீடபூமியின் பெயரிலும் இதே ஹ்யாங்தான் இருக்கிறது. இஸ்லாம் இந்தத் தீவுகளில் வேரூன்றும் முன்பே இருந்த சொல் இது. மதம் மாறியபோது சொல்லை யாரும் தூக்கிப் போடவில்லை. அதனால்தான் இன்றும் எல்லா மதத்தாருக்கும் பொதுவான சொல்லாக நிற்கிறது. மலாய் முஸ்லிம் 'செம்பஹ்யாங்' என்றால் ஐவேளைத் தொழுகை. பாலி இந்து சொன்னால் கோயிலில் உட்கார்ந்து செய்யும் வழிபாடு. சீனர்கள் முன்னோர் கல்லறைக்குப் போய் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுவதையும் மலாயில் செம்பஹ்யாங் என்றே சொல்வார்கள். நீங்கள் முருகன் கோயிலுக்குப் போய்க் கும்பிடுவதும் செம்பஹ்யாங்தான்.

தொழுகைக்கு மட்டும் தனியாக ஓர் அரபுச் சொல் உண்டு. மலேசியாவில் 'சொலாத்' என்று எழுதுவார்கள். இந்தோனேசிய அகராதி 'சலாத்' என்கிறது, மக்கள் பேச்சில் 'ஷொலாத்'. பாடப்புத்தகங்கள், அரசு அறிவிப்புகள், இளைஞர் பேச்சு எல்லாவற்றிலும் இப்போது இதுதான் அதிகம். நீங்கள் முஸ்லிம் அல்ல என்றால் உங்கள் வழிபாட்டுக்கு சொலாத் என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டாம். அது இஸ்லாமியத் தொழுகையை மட்டுமே குறிக்கும். செம்பஹ்யாங் என்றால் யாருக்கும் குழப்பம் இல்லை.

தோஆ என்றால் வேண்டுதல், இறைவனிடம் கேட்பது. தமிழ் முஸ்லிம்கள் துஆ என்று சொல்வதும் இதுவே. செம்பஹ்யாங் என்பது முறைப்படி செய்யும் வழிபாடு. தோஆ என்பது மனதால், வாயால் கேட்பது. இதன் வினைச்சொல் 'பெர்தோஆ'. முஸ்லிம், கிறிஸ்தவர், இந்து என்று எல்லோரும் பெர்தோஆ என்று தயங்காமல் சொல்லலாம். ஒருவருக்காக வேண்டிக்கொள்வது 'மெந்தோஆகான்'. "தோலோங் தோஆகான் சாயா" என்றால் எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று பொருள். தேர்வுக்கு முன், அறுவை சிகிச்சைக்கு முன் இதைச் சொன்னால் முன்பின் தெரியாதவர்கூட நெஞ்சாரத் தலையாட்டுவார். இந்தோனேசியாவில் "மோஹோன் தோஆன்யா" என்பார்கள். திருமணப் பத்திரிகையில் 'தோஆ ரெஸ்து' என்று இருந்தால் ஆசீர்வாதம் கேட்கிறார்கள்.

இபாதாத் கொஞ்சம் அகலமான சொல். இறைவனுக்கென்று செய்யும் எல்லாம் அதில் அடங்கும். அரசு மொழியில் கோயில், மசூதி, தேவாலயம் எல்லாவற்றுக்கும் பொதுவாக 'ரூமா இபாதாத்', அதாவது வழிபாட்டு இல்லம் என்று எழுதுவார்கள். இந்தோனேசியாவில் 'ரூமா இபாதாஹ்' என்றும் வரும். அங்கே ஒரு கிறிஸ்தவ நண்பர் "ஞாயிற்றுக்கிழமை இபாதாஹ் இருக்கிறது" என்றால் தேவாலய ஆராதனையைச் சொல்கிறார்.

அடுத்து, நேரத்தைத் தொழுகையால் சொல்லப் பழகுங்கள்

முஸ்லிம் அல்லாதவர்களுக்கும் உடனே பயன்படுவது இதுதான். ஐந்து வேளைகளின் பெயர்கள் அங்கே கடிகாரம் மாதிரி. விடியலுக்கு முன் சுபுஹ், நண்பகல் கழிந்ததும் சொஹோர், பிற்பகலில் அசார், சூரியன் மறைந்ததும் மக்ரிப், இரவில் இஷாக். இவை மலேசிய வடிவங்கள். இந்தோனேசியாவில் சொஹோர் 'ஸுஹுர்' ஆகும், இஷாக் 'இஷா' ஆகும். தமிழ் முஸ்லிம்களுக்கு இவை ஏற்கெனவே தெரிந்தவைதான்.

"லெபாஸ் மக்ரிப்" என்றால் மக்ரிப் முடிந்து. கோலாலம்பூரில் மக்ரிப் ஆண்டு முழுக்க ஏறக்குறைய 7 மணியிலிருந்து 7.30-க்குள் வரும். ஜகார்த்தாவில் 6 மணியை ஒட்டி. அதனால் 'லெபாஸ் மக்ரிப்' வரச் சொன்னவர் வீட்டுக்கு 7.15-க்குப் போய்க் கதவைத் தட்டாதீர்கள். அவர் தொழுதுகொண்டிருப்பார். எட்டு மணிவாக்கில் போனால் சரியாக இருக்கும். இந்தோனேசியாவில் இதையே "ஹாபிஸ் மக்ரிப்" என்பார்கள். ரமலான் மாதத்தில் மக்ரிப்தான் நோன்பு திறக்கும் நேரம். அந்த நேரத்தில் அதிகாரபூர்வக் கூட்டம், தொலைபேசி அழைப்பு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வெள்ளிக்கிழமையையும் குறித்துக்கொள்ளுங்கள். 'சொலாத் ஜுமாஆத்' நாள். மலேசிய அரசு அலுவலகங்களில் அன்று மதிய இடைவேளை 12.15-லிருந்து 2.45 வரை நீளும். விசா, உரிமம் என்று எந்த வேலைக்குப் போவதானாலும் வெள்ளி மதியத்தைத் தவிர்த்துவிடுங்கள். இந்தோனேசியாவில் 'ஜுமாத்தான்' என்று பேச்சில் சொல்வார்கள், 11.30 மணி வாக்கிலேயே ஆண்கள் கிளம்பிவிடுவார்கள். கிளந்தான், திரெங்கானு, கெடா மாநிலங்களில் வார விடுமுறையே வெள்ளி, சனிதான்.

இடத்தின் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள்

மசூதி இரு நாட்டிலும் 'மஸ்ஜித்'. சிறிய தொழுமிடம் மலேசியாவில் 'சுராவ்', இந்தோனேசியாவில் 'முஷொலா'. வணிக வளாகம், நெடுஞ்சாலை ஓய்விடம், பெட்ரோல் நிலையம், விமான நிலையம் எங்கும் இந்தப் பலகை இருக்கும். மலேசியாவில் "சுராவ் தெகாத் மானா?" என்று கேளுங்கள், இந்தோனேசியாவில் "முஷொலா தி மானா, பாக்?" என்று கேளுங்கள். இந்தோனேசியாவில் 'பாக்', 'பு' சேர்க்காமல் பேசினால் மொட்டையாக இருக்கும். பாக் என்றால் ஐயா, பு என்றால் அம்மா. மலேசியாவில் இளையவர் கொஞ்சம் மூத்தவரை 'அபாங்', 'காக்' என்று அண்ணன், அக்கா முறையில் அழைப்பார்கள். அலுவலகத்தில் ஆணை 'என்ச்சிக்', பெண்ணை 'புவான்' என்பார்கள்.

சுராவ் வாசலில் 'தெம்பாத் வுதுக்' என்று குழாய்கள் வரிசையாக இருக்கும். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் இடம். பழைய வழக்கில் அப்படிக் கழுவுவதற்கே 'அம்பில் ஆயிர் செம்பஹ்யாங்' என்று பெயர், தொழுகைத் தண்ணீர் எடுப்பது என்று. அங்கே சாப்பாட்டுப் பாத்திரம் கழுவுவதோ செருப்பை அலசுவதோ கூடாது. விடுதி அறையின் மேற்கூரையில் ஓர் அம்புக்குறி ஒட்டியிருப்பதைப் பார்த்தால், அது 'கிப்லாத்', மெக்கா இருக்கும் திசை. பெண்கள் தொழும்போது தலையிலிருந்து உடலை மூடும் வெள்ளை ஆடை மலேசியாவில் 'தெலெகுங்', இந்தோனேசியாவில் 'முக்கெனா'. தொழுகை விரிப்பு மலேசியாவில் 'செஜாதாஹ்', இந்தோனேசியாவில் 'சஜாதாஹ்'.

இந்துக் கோயில் மலேசியாவில் 'குயில்'. பறவையின் பெயர் மாதிரியே ஒலிக்கும், ஆனால் நம் கோயில் என்ற சொல்தான் மலாயில் அப்படி நின்றுவிட்டது. சீனக் கோயில் 'தொக்கோங்'. இந்தோனேசியாவில் நிலைமை வேறு. அங்கே பாலி இந்துக்களின் கோயில் 'புரா', சீனக் கோயில் 'க்ளெந்தெங்', புத்த கோயில் 'விஹாரா'. பிரம்பனான் போன்ற பழங்காலக் கற்கோயில்கள் 'ச்சண்டி'. மலேசியாவில் கெடாவின் புஜாங் பள்ளத்தாக்கில் இருக்கும் பழைய கோயில் இடிபாடுகளையும் ச்சண்டி என்றே சொல்கிறார்கள். பாலியில் போய் 'குயில்' எங்கே என்று கேட்டால் யோசிப்பார்கள். ஆனால் சுமாத்ராவின் மேடானில் அந்தச் சொல் செல்லும். அங்கே கம்போங் மதராஸ் பகுதியில் தமிழர்கள் 1884-இல் எழுப்பிய மாரியம்மன் கோயிலை 'குயில் ஸ்ரீ மாரியம்மன்' என்றுதான் ஊரே சொல்கிறது.

தேவாலயம் இரு மொழியிலும் 'கெரெஜா'. போர்த்துகீசியர் விட்டுப்போன சொல்.

கூட்டத்தில் பிரார்த்தனை வந்தால்

இந்தோனேசியாவில் முதல் அலுவலகக் கூட்டம் இப்படி இருக்கும். நடத்துபவர் எழுந்து வணக்கம் சொல்வார். வணக்கமே பல மதத்து வணக்கங்களின் வரிசையாக இருக்கும். அஸ்ஸலாமு அலைக்கும், அப்புறம் 'சலாம் செஜாஹ்தெரா', பாலி இந்துக்களின் 'ஓம் ஸ்வஸ்த்யாஸ்து', புத்தர்களின் 'நமோ புத்தாயா' என்று ஒன்றன்பின் ஒன்றாக. அப்புறம் "பூஜி ஷுகூர் கித்தா பாஞ்சாத்கான் கெ ஹாதிராத் துஹான் யாங் மஹா ஏசா" என்பார். ஏக இறைவனின் முன்னிலையில் நம் நன்றிப் புகழைச் செலுத்துவோம் என்பது பொருள். எந்த மேடைப் பேச்சும் இந்த வாக்கியம் இல்லாமல் தொடங்காது, அதனால் இதை மட்டும் காதால் அடையாளம் காணப் பழகுங்கள். இந்தத் தொடக்கத்தின் கடைசியில், "பெர்தோஆ மெனுருத் அகாமா தான் கெபெர்ச்சாயாஆன் மாசிங்-மாசிங், முலாய்" என்பார். அவரவர் மதப்படி, நம்பிக்கைப்படி வேண்டிக்கொள்ளுங்கள், தொடங்கலாம் என்று அர்த்தம். அறை அமைதியாகும். சிலர் உள்ளங்கைகளை மேலே பார்த்தபடி ஏந்துவார்கள், சிலர் கைகளைக் கோத்துக்கொள்வார்கள். நீங்கள் கைகூப்பிக் கும்பிடலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். சற்றுக் கழித்து "செலெசாய்" என்பார், முடிந்தது. எல்லோரும் நிமிர்ந்து வேலைக்கு வருவார்கள். பஞ்சசீலம் எனப்படும் தன் ஐந்து அரசுக் கொள்கைகளில் முதலாவதே ஏக இறைநம்பிக்கை என்று வைத்திருக்கிற நாடு அது. அரசு இஸ்லாம், புரொட்டஸ்டண்ட், கத்தோலிக்கம், இந்து, பௌத்தம், கன்பூசியம் என்று ஆறு மதங்களை அங்கீகரிக்கிறது. ஒரே அறைக்குள் அத்தனை பேரும் ஒரே நிமிடத்தில் தங்கள் தங்கள் வழியில் வேண்டிக்கொள்ளும் அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

மலேசியாவில் இது வேறு மாதிரி. அரசு நிகழ்ச்சிகளில் 'பாச்சாஆன் தோஆ' என்று ஒருவர் வாசிப்பார், முஸ்லிம்கள் கையேந்தி ஒவ்வொரு வரிக்கும் ஆமின் சொல்வார்கள், முடிந்ததும் முகத்தைத் தடவிக்கொள்வார்கள். மற்றவர்கள் அமைதியாக நின்றால் போதும்.

கூடவே 'கெண்டூரி'யைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலாய் வீட்டில் கெண்டூரி என்று கூப்பிட்டால் விருந்து. திருமணமாக இருக்கலாம், புதுமனையாக இருக்கலாம், இறந்தவர் நினைவுக்காகவும் இருக்கலாம். நாகூரில் கந்தூரி விழா என்கிறோமே, அதே சொல். சாப்பாட்டுக்கு முன் தோஆ நடக்கும், அது முடியும்வரை தட்டில் கை வைக்காதீர்கள். ஜாவாவில் இதற்கு 'செலாமாத்தான்' என்று பெயர். இறந்தவருக்காக 3, 7, 40, 100, 1000-ஆம் நாட்களில் கூடி ஓதுவதை 'தஹ்லிலான்' என்பார்கள். வந்தவர்கள் கையில் கொடுத்தனுப்பும் சாப்பாட்டுப் பொட்டலம் 'பெர்காத்'. வேண்டாம் என்று மறுக்கக் கூடாது.

உங்கள் வழிபாட்டை மலாயில் சொல்ல

தைப்பூசத்துக்கு விடுப்புக் கேட்க வேண்டும், என்ன சொல்வது? "சாயா நாக் பாயார் நஸார் தி குயில்" என்றால் கோயிலில் வேண்டுதலைச் செலுத்தப் போகிறேன் என்று பொருள். நஸார் என்றால் நேர்த்திக்கடன். முஸ்லிம்களுக்கும் நஸார் உண்டு, அதனால் கேட்பவருக்கு உடனே புரியும். பத்துமலைக் காவடியை 'மெனுனாய்கான் நஸார்', அதாவது நேர்த்திக்கடன் நிறைவேற்றுவது என்று சொன்னால் மலாய்க்காரர் மரியாதையோடு கேட்பார்.

இங்கே மூன்று சொற்களில் கவனம் வேண்டும்.

ஒன்று, 'மெமூஜா'. பூஜை என்ற சொல்லிலிருந்து வந்ததுதான், ஆனால் மலேசிய மலாயில் பேய், ஆவி, பொருள் ஆகியவற்றை வணங்குவது என்ற நிழல் அதில் படிந்திருக்கிறது. உங்கள் சாமி கும்பிடுதலுக்கு அதைத் தவிர்த்து செம்பஹ்யாங் என்றே சொல்லுங்கள். இந்தோனேசியத்தில் அந்த நிழல் குறைவு. அங்கே காதலியை 'பூஜாஆன் ஹாத்தி' என்பார்கள், இதயத்தின் ஆராதனைக்குரியவள். இரண்டு, 'பெர்ஹாலா'. விக்கிரகம் என்று அகராதி சொல்லும். ஆனால் அது தாழ்த்திப் பேசும் சொல். உங்கள் தெய்வத் திருவுருவத்தை ஒருபோதும் அப்படிச் சொல்லாதீர்கள். 'பாத்துங்' என்றால் சிலை, அது போதும். தெய்வப் பெயருக்கு முன் 'தேவா', 'தேவி' சேர்ப்பார்கள், செய்தித்தாளிலும் 'தேவா முருகன்' என்றுதான் வரும். மூன்று, 'புவாசா'. உபவாசம்தான் இப்படிச் சுருங்கியது. ஆனால் மலாய்க்காரர் காதில் அது விடியலிலிருந்து மாலைவரை தண்ணீர்கூடக் குடிக்காத நோன்பு. புரட்டாசி சனிக்கு நீங்கள் புவாசா என்று சொல்லிவிட்டு மதியம் இட்லி சாப்பிட்டால் அவர் குழம்புவார். "ஹாரி இனி சாயா மாக்கான் சாயுர் சாஜா" என்று சொல்லிவிடுங்கள். இன்று காய்கறி மட்டும்தான் என்று அர்த்தம்.

கோயில் குருக்களை மலேசிய மலாயில் 'சாமி' என்கிறார்கள். புத்த பிக்குவுக்கும் அதே சொல். இந்தோனேசியப் புரொட்டஸ்டண்டுகளின் போதகர் 'பெண்டேத்தா', அதாவது பண்டிதர். நமக்குப் பழக்கமான வடமொழிச் சொற்கள் இந்த மொழிகளில் இப்படி நிறைய இருக்கின்றன. அகாமா என்றால் ஆகமம் இல்லை, மதம். பஹாலா என்றால் நற்செயலின் பலன். தோசா என்றால் பாவம். உணவுக்கடைப் பலகைகளில் மலேசியாவில் 'தோசா' என்று எழுதாமல் 'தோசை' என்றே எழுதுகிறார்கள் என்பது நல்லது. சொர்க்கமும் நரகமும் 'ஷுர்கா', 'நெராகா'. முஸ்லிம் மதபோதகர்களும் இவற்றைத்தான் பயன்படுத்துகிறார்கள். பழகிய சொல் என்று துணிந்து பேசலாம், ஆனால் பொருளை ஒருமுறை சரிபார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பாலிக்குப் போகும்போது

தமிழ் இந்து ஒருவர் பாலிப் புராவுக்குள் நுழைந்தால் பாதி பழக்கமாகவும் பாதி புதிதாகவும் இருக்கும். நுழைவதற்கு இடுப்பில் துணி, அதன்மேல் 'செலெந்தாங்' என்ற பட்டி கட்டாயம். பெரும்பாலான கோயில்களில் வாசலிலேயே கொடுப்பார்கள். மாதவிலக்கில் இருக்கும் பெண்கள் வர வேண்டாம் என்று பலகை இருக்கும். வீடுகளின் முன்னும் நடைபாதையிலும் தென்னங்குருத்தால் செய்த சின்னத் தட்டில் பூ, ஊதுபத்தி வைத்திருப்பார்கள். அது 'ச்சானாங் சாரி', நாள்தோறும் வைக்கும் படையல். தாண்டிப் போகலாம், மிதிக்கக் கூடாது.

வழிபாட்டில் கலந்துகொள்ள அனுமதி கிடைத்தால் தரையில் உட்கார்ந்து ஐந்து முறை கைகூப்பி நெற்றிக்கு உயர்த்துவார்கள். இதுவே 'பஞ்ச செம்பாஹ்'. முதல் முறை வெறுங்கையோடு, நடுவில் மூன்று முறை விரல் நுனியில் பூவோடு, கடைசி முறை மீண்டும் வெறுங்கையோடு. அப்புறம் 'பெமாங்கு' என்ற கோயில் பூசாரி 'தீர்த்தா' தெளிப்பார். தெளித்த பின் கையில் மூன்று முறை ஊற்றுவார், குடிக்க வேண்டும். இன்னும் மூன்று முறை ஊற்றுவதை முகத்திலும் தலையிலும் தடவிக்கொள்ள வேண்டும். ஈரமான அரிசி தருவார்கள், பெயர் 'பிஜா'. நெற்றியிலும் தொண்டைக்குழியிலும் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் வாயில் போடுவது வழக்கம். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் செய்தால் போதும், அவசரமில்லை. பாலியர்கள் தங்கள் பரம்பொருளை 'ஈடா சாங் ஹ்யாங் விதி வாசா' என்கிறார்கள். முதலில் பார்த்த ஹ்யாங் இங்கே இன்றும் உயிரோடு வழங்குகிறது.

கிறிஸ்தவ நண்பர்களிடம்

இந்தோனேசியாவில் 'கிரிஸ்தென்' என்றால் புரொட்டஸ்டண்ட். கத்தோலிக்கர் 'கத்தோலிக்' என்று தனி. இருவரையும் ஒன்றாகச் சொன்னால் திருத்துவார்கள். புரொட்டஸ்டண்ட் ஆராதனை 'கெபக்தியான்', பக்தி என்ற சொல்லிலிருந்து. கத்தோலிக்கத் திருப்பலி 'மிசா'. தேவாலயக் குழுமத்தை 'ஜெமாஆத்' என்பார்கள், மசூதிக்கோ ஹஜ்ஜுக்கோ கூடுபவர்கள் 'ஜெமாஆஹ்'. கடைசி எழுத்து மட்டும்தான் வேறுபாடு. மேடானில் வேளாங்கண்ணி மாதாவுக்கு நம்மூர்க் கோபுரச் சாயலில் ஒரு திருத்தலம் இருக்கிறது. அங்கே தமிழும் இந்தோனேசியமும் சேர்ந்து ஒலிப்பதைக் கேட்கலாம்.

இந்தோனேசியக் கிறிஸ்தவர்கள் இறைவனை 'அல்லாஹ்' என்றும் ஆண்டவரை 'துஹான்' என்றும் தங்கள் வேதாகமத்திலேயே சொல்கிறார்கள். சபா, சரவாக் கிறிஸ்தவர்களும் தலைமுறைகளாக அப்படித்தான். ஆனால் மலேசியாவில் இது நீதிமன்றம்வரை போன விஷயம். பல மாநிலங்களில் சில இஸ்லாமியச் சொற்களை மற்ற மதத்தார் பயன்படுத்தக் கட்டுப்பாடு உண்டு. 'அல்லாஹ்' என்ற சொல்லைப் பயன்படுத்துவது பற்றி ஹெரால்டு என்ற கத்தோலிக்க வார இதழ் தொடர்ந்த வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2014-இல் திருச்சபையின் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. 2021-இல் வேறொரு வழக்கில் உயர் நீதிமன்றம் கிறிஸ்தவர் பக்கம் தீர்ப்பளித்தது. புதிதாக வருபவர் மலேசியாவில் பொதுவாகப் பேசும்போது 'துஹான்' என்ற சொல்லோடு நின்றுகொள்வது நல்லது. அதை எல்லா மதத்தாரும் சொல்கிறார்கள். முஸ்லிம்களிடம் வேறு மதத் துண்டறிக்கை கொடுப்பது அங்கே பல மாநிலங்களில் சட்டப்படி குற்றமாகும் என்பதையும் மனதில் வையுங்கள்.

எல்லை தாண்டினால் பொருள் மாறும் சொற்கள்

மலேசியாவில் 'பெங்காஜியான்' என்றால் கல்வி. பினாங்கில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் துறைகளுக்கே 'பூசாத் பெங்காஜியான்' என்று பெயர்ப்பலகை இருக்கும். இந்தோனேசியாவில் அது மதச் சொற்பொழிவுக் கூட்டம். இந்தோனேசியாவில் 'குலியாஹ்' என்றால் கல்லூரி வகுப்பு, மலேசியாவில் மசூதி அறிவிப்பில் 'குலியாஹ் மக்ரிப்' என்று மதவுரைக்கும் எழுதுவார்கள். 'பெர்செம்பஹான்' மலேசியாவில் மேடைக் கலைநிகழ்ச்சி, இந்தோனேசியத் தேவாலயத்தில் காணிக்கை. 'உபச்சாரா' பாலியில் சடங்கு, ஜகார்த்தாப் பள்ளியில் திங்கள் காலைக் கொடியேற்றம்.

உடன் வேலை செய்பவரிடம் பேச

"தா சொலாத்?" என்று மலேசியாவில் நண்பர்கள் ஒருவரை ஒருவர் கேட்பார்கள், தொழுதாச்சா என்று. முஸ்லிம் அல்லாதவர் அதைக் கேட்காமல் இருப்பது நல்லது. அதற்குப் பதில், கூட்டம் நீளும்போது "நாக் சொலாத் துலு?" என்று கேளுங்கள், முதலில் தொழுதுவிட்டு வருகிறீர்களா என்று. அந்த ஒரு கேள்வியை மறக்க மாட்டார்கள். தொலைபேசியில் "தியா தெங்ஙாஹ் சொலாத்" என்றால் அவர் தொழுதுகொண்டிருக்கிறார், இந்தோனேசியாவில் "லாகி ஷொலாத்". பத்து நிமிடம் கழித்துக் கூப்பிடுங்கள். தொழுகிறவருக்கு நேர் முன்னால் குறுக்கே நடக்காதீர்கள், பின்பக்கமாகச் சுற்றிப் போங்கள். பெண் ஒருவர் 'உஸூர்' என்றோ, இந்தோனேசியாவில் 'லாகி ஹாலாஙான்' என்றோ சொன்னால் மாதவிலக்கால் இன்று தொழுகை இல்லை என்று பொருள். மேலே கேட்க வேண்டியதில்லை.

துக்கச் செய்தி வந்தால்

இதற்குத் தயாராக இருங்கள், ஏனென்றால் வாட்ஸ்அப் குழுவில் திடீரென்று வரும், யோசிக்க நேரம் இருக்காது. மலேசியாவில் "சலாம் தக்ஸியாஹ்" என்று எழுதினால் எந்த மதத்தாருக்கும் பொருந்தும். முஸ்லிம்கள் 'அல்-ஃபாத்திஹா' என்று ஒற்றைச் சொல்லில் எழுதுவார்கள். இறந்தவருக்காக அந்த அத்தியாயத்தை ஓதுங்கள் என்பது அதன் உட்பொருள். முஸ்லிம் அல்லாதவர் அதை நகலெடுக்க வேண்டாம், தக்ஸியாஹ் போதும். இந்தோனேசியாவில் "துருத் பெர்துகா ச்சித்தா" என்பார்கள், உங்கள் துக்கத்தில் நாங்களும் பங்கு கொள்கிறோம் என்று.

இறந்தவர் பெயருக்கு முன்னால் போடும் சொல்லிலும் வேறுபாடு உண்டு. மலேசியாவில் முஸ்லிம் என்றால் 'அல்லாஹ்யார்ஹாம்', பெண்ணுக்கு 'அல்லாஹ்யார்ஹாமா'. பேச்சில் 'அர்வாஹ்'. இந்தோனேசியாவில் 'அல்மார்ஹூம்', பெண்ணுக்கு 'அல்மார்ஹூமா'. இரு நாட்டிலும் மற்ற மதத்தவருக்கு 'மெந்தியாங்'. சக ஊழியரின் தந்தை இறந்துவிட்டார், அவர் எந்த மதம் என்று உறுதியாகத் தெரியவில்லை என்றால் இந்தச் சொற்களைத் தொடவே வேண்டாம். மலேசியாவில் "சலாம் தக்ஸியாஹ், என்ச்சிக்" என்றும், இந்தோனேசியாவில் "துருத் பெர்துகா ச்சித்தா, பாக்" என்றும் எழுதி அனுப்புங்கள். பெண்ணாக இருந்தால் 'புவான்', 'பு'.